ஜெர்மனியில் விசா நீட்டிப்பு: அட்டை முடிகிறது, அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை

ஜெர்மனியில் வசிப்பு அனுமதியை நீட்டிப்பது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பெரும்பாலான கடிதங்களில் ஒரே பயம்தான் தெரிகிறது: அனுமதி அட்டையில் அச்சிட்ட தேதி வந்துவிட்டால் எல்லாம் போய்விடும் என்று. அந்தத் தேதியைவிட நீங்கள் விண்ணப்பித்த தேதிதான் முக்கியம். முதல் கேள்வியிலேயே அது வந்துவிடுகிறது.

என் புளூ கார்டு (உயர்தகுதி வேலைக்காரருக்கான வசிப்பு அனுமதி) ஐந்து வாரத்தில் முடிகிறது. ஆன்லைனில் பார்த்தால் நான்கு மாதத்துக்கு அப்பாயின்ட்மென்ட்டே இல்லை. அட்டை முடிந்த மறுநாளே வேலையை நிறுத்த வேண்டும் என்கிறார் எச்ஆர். உண்மையா?
– மென்பொருள் பொறியாளர், மியூனிக்

இல்லை. அட்டை முடிவதற்கு முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டால் நீங்கள் தொடர்ந்து வேலை பார்க்கலாம். வசிப்புரிமைச் சட்டத்தின் 81ஆம் பிரிவு, 4ஆம் உட்பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. காலத்தோடு விண்ணப்பித்தவரின் பழைய அனுமதி, வெளிநாட்டவர் அலுவலகம் முடிவு சொல்லும்வரை அதே உரிமைகளோடு செல்லும். வேலை செய்யும் உரிமையும் அதில் அடக்கம். அலுவலகம் ஆறு மாதம் இழுத்தடித்தாலும் நீங்கள் சட்டப்படிதான் இருக்கிறீர்கள்.

பலர் சறுக்குவது இங்கேதான். அப்பாயின்ட்மென்ட் கிடைக்கட்டும், அன்றைக்குப் போய் விண்ணப்பிக்கலாம் என்று காத்திருக்கிறார்கள். அதற்குள் தேதி தாண்டிவிடுகிறது. நேரில் போவதற்கும் விண்ணப்பிப்பதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்தின் இணையதளத்தில் விண்ணப்பப் படிவம் இருந்தால் இன்றைக்கே நிரப்பி அனுப்புங்கள், வரும் உறுதிச் செய்தியைச் சேமித்து வையுங்கள். படிவம் இல்லையென்றால் நீட்டிப்பு வேண்டும் என்று ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பாஸ்போர்ட் நகல், அட்டை நகல், வேலை ஒப்பந்தம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, மருத்துவக் காப்பீட்டுச் சான்று ஆகியவற்றைக் கூடவே வையுங்கள். ஒரு தாள் குறைந்தாலும் பரவாயில்லை, பிறகு கொடுக்கலாம். தேதிதான் தவறக் கூடாது.

அப்புறம் ‘ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங்’ என்கிற இடைக்காலச் சான்று வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். கட்டணம் 13 யூரோ. உரிமை சட்டத்திலிருந்தே வருகிறது, ஆனால் உங்கள் எச்ஆருக்குக் கோப்பில் வைக்க ஒரு தாள் தேவை. அவரைக் குறை சொல்ல முடியாது. வெளிநாட்டு ஊழியரின் அனுமதி நகலை நிறுவனம் வைத்திருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான்.

ஒருவேளை தேதி சில நாள் தாண்டியிருந்தாலும் உட்கார்ந்து கவலைப்படாமல் உடனே விண்ணப்பியுங்கள். தாமதம் சிறியது, காரணம் நியாயமானது, மறுத்தால் பெரிய பாதிப்பு வரும் என்றால் பழைய அனுமதி தொடரும் என்று உத்தரவிட அலுவலகத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அதை எழுத்தில் கேட்க வேண்டும்.

இடைக்காலச் சான்று கையில் இருக்கிறது. தங்கை கல்யாணத்துக்கு மதுரை போய்விட்டுத் திரும்ப முடியுமா?
– ஹாம்பர்க்

சான்றைத் திறந்து பாருங்கள். உள்ளே மூன்று கட்டங்கள் இருக்கும். 81ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு என்ற கட்டத்தில் குறி இருந்தால் போய்வரலாம். 3ஆம் உட்பிரிவில் குறி இருந்தால் வெளியே போகாதீர்கள், அதை வைத்துத் திரும்ப முடியாது. போவதென்றால் பாஸ்போர்ட், முடிந்துபோன அட்டை, சான்று மூன்றும் கையில் இருக்கட்டும். சான்றின் தேதி நீங்கள் திரும்பும் நாளையும் தாண்டி இருக்கட்டும். முடிந்தவரை ஜெர்மனியிலேயே நேராக இறங்கும் விமானத்தைப் பிடியுங்கள். இடையில் மாறினால், இந்தத் தாளைப் பார்த்தே இராத ஊழியரிடம் நள்ளிரவில் விளக்கம் சொல்ல வேண்டிவரும். விண்ணப்பித்தாயிற்று, சான்று இன்னும் வரவில்லை என்ற நிலையில் கிளம்பவே வேண்டாம். முடிந்த அட்டையை மட்டும் காட்டினால் சென்னையில் விமானம் ஏற விடமாட்டார்கள்.

புளூ கார்டு வாங்கி 14 மாதம். நிறுவனம் ஆட்குறைப்பு செய்கிறது. கையெழுத்துப் போட ஒரு ஒப்பந்தம் கொடுத்திருக்கிறார்கள். நாட்டைவிட்டுப் போக எத்தனை நாள் தருவார்கள்?
– ஸ்டுட்கார்ட்

முதலில் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்களே சம்மதித்து விலகியதாக ஆகிவிட்டால் வேலையில்லாக் காலப் பணம் 12 வாரம்வரை நிறுத்திவைக்கப்படலாம். தொழிலாளர் சட்ட வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள். அவர்களே பணிநீக்கக் கடிதம் கொடுத்தால், அதை எதிர்த்து வழக்குப் போட மூன்று வாரம்தான் அவகாசம்.

வேலை போகப்போகிறது என்று தெரிந்து, வேலை முடிய மூன்று மாதத்துக்கும் குறைவாக இருந்தால் மூன்று நாளுக்குள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வேலை தேடுபவராகப் பதிவு செய்யுங்கள். வேலை முன்கூட்டியே முடிந்ததை இரண்டு வாரத்துக்குள் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிப்பதும் உங்கள் கடமை. மறைத்தால் பின்னால் நீட்டிப்பில் அது வந்து நிற்கும். நிறுவனமும் தன் பங்குக்குத் தெரிவிக்கப்போகிறது, மறைக்கவும் முடியாது.

வேலை போன அன்றே விசா போகாது. புளூ கார்டுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, அட்டை வாங்கி இரண்டு ஆண்டு ஆகாதவரை மூன்று மாத வேலையின்மைக்காக வெளியேற்றக் கூடாது. இரண்டு ஆண்டு தாண்டியவருக்கு ஆறு மாதம். கடந்த 30 மாதங்களில் 12 மாதம் வேலையின்மைக் காப்பீட்டுச் சந்தா கட்டியிருந்தால் வேலையில்லாக் காலப் பணமும் உண்டு. நிகரச் சம்பளத்தில் 60 சதவீதம், குழந்தை இருந்தால் 67. அது நீங்கள் கட்டிய காப்பீட்டிலிருந்து வருவது. வாங்கினால் விசாவுக்குக் கெடுதல் என்று பயந்து விட்டுவிடாதீர்கள். நம் பிள்ளைகள் பலர் இந்தப் பயத்தில் உரிமைப் பணத்தை விட்டுவிட்டு ஊரிலிருந்து கடன் வாங்குகிறார்கள், மனம் கஷ்டப்படுகிறது.

மாணவர் விசா முடிகிறது. இரண்டு பாடம் பாக்கி. முடக்கக் கணக்கில் (மாதாமாதம் ஒரு தொகை மட்டுமே எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) மறுபடி முழுப் பணமும் காட்ட வேண்டுமா?
– ஆகன்

ஆண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992 என்ற கணக்கில் செலவுக்கு வழி இருப்பதைக் காட்ட வேண்டும். ஆனால் நீட்டிப்பில் அது முடக்கக் கணக்காகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பகுதிநேர வேலையின் ஒப்பந்தமும் சம்பளச் சீட்டுகளும் உதவும். யாரிடமாவது வாங்கிக் கணக்கில் போட்டுக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் வேலை மட்டும் வேண்டாம். பாடம் பாக்கி இருப்பது தனியாகப் பிரச்சினை இல்லை. நியாயமான காலத்தில் முடித்துவிடுவார் என்று நம்ப இடம் வேண்டும். பேராசிரியர் அல்லது தேர்வு அலுவலகத்திடமிருந்து ஒரு கடிதம் வாங்கிக் கூடவே கொடுங்கள். வேலை நாட்களின் வரம்பு ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள்; பல்கலைக்கழக உதவியாளர் வேலை இதில் சேராது.

நிரந்தர வதிவிட உரிமை கிடைத்து இருபது வருடத்துக்கு மேல். கார்ட் இந்த வருடம் முடியும் என்று இருக்கிறது. பென்சன் எடுத்துவிட்டேன். மனைவியோடு யாழ்ப்பாணம் போய் எட்டு, ஒன்பது மாதம் நிற்க விருப்பம். எல்லாம் போய்விடும் என்று தெரிந்தவர்கள் வெருட்டுகிறார்கள்.
– டோர்ட்முண்ட்

ஐயா, முடிவது பிளாஸ்டிக் அட்டை மட்டுமே. உங்கள் உரிமைக்கு முடிவுத் தேதி கிடையாது. புதிய அட்டைக்கு 67 யூரோ கட்டினால் போதும்.

வெளியே நிற்பதுதான் கவனிக்க வேண்டியது. ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் அனுமதி தானாகவே அற்றுப்போகும் என்பது பொது விதி. ஆனால் சட்டப்படி 15 ஆண்டு இங்கே வாழ்ந்து, வாழ்க்கைச் செலவுக்குச் சொந்த வருமானமும் உள்ள நிரந்தர உரிமைக்காரருக்கு அந்த விதி பொருந்தாது. உங்களோடு சேர்ந்து வாழும் மனைவிக்கும், அவருக்கு நிரந்தர உரிமை இருந்தால், அதே பாதுகாப்பு உண்டு. பென்சன் போதாமல் அரச உதவி எடுப்பவரென்றால் நிலைமை வேறு. ஆகவே டிக்கெட் போடுவதற்கு முன் அலுவலகத்துக்கு எழுதி, உங்கள் உரிமை தொடரும் என்ற சான்றிதழைக் கையில் வாங்குங்கள். சட்டமே அதைத் தரச் சொல்கிறது.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் இன்னும் அகதி அந்தஸ்தில், நீலப் பயணப் பத்திரத்தோடு இருந்தால், இலங்கைக் கடவுச்சீட்டு எடுப்பதும் இலங்கைக்குப் போவதும் அந்த அந்தஸ்தைத் திரும்பப் பெறக் காரணமாகலாம். முதலில் ஒரு ஆலோசனை நிலையத்தில் கேளுங்கள்.

கணவர் விசாவில் வந்தேன், இரண்டு வருடம் ஆகிறது. அடிக்கிறார். பிரிந்தால் உன் விசாவை ரத்து செய்து அனுப்பிவிடுவேன் என்கிறார்.
– ஊர் வேண்டாம்

அம்மா, அவரால் அது முடியாது. விசாவைப் பற்றி முடிவு செய்வது அலுவலகம் மட்டுமே. பொதுவாக ஜெர்மனியில் மூன்று ஆண்டு சேர்ந்து வாழ்ந்திருந்தால் மனைவிக்குத் தனியாக வசிக்கும் உரிமை வரும். வன்முறை இருக்கும் இடத்தில் அந்த மூன்று ஆண்டுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்றும் வசிப்புரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு சொல்கிறது. உரிமை கிடைத்தால் முதலில் ஓராண்டுக்கு நீட்டிப்பார்கள், அந்த ஆண்டில் அரசு உதவி பெற்றாலும் அது தடையாகாது.

116 016 என்ற எண்ணை அழையுங்கள். பெண்களுக்கான உதவி எண், இரவும் பகலும் உண்டு, கட்டணம் இல்லை, பெயர் சொல்ல வேண்டியதில்லை. உடனடி ஆபத்தென்றால் 110, போலீஸ். காயம் இருந்தால் மருத்துவரிடம் காட்டிச் சான்று வாங்குங்கள், பாஸ்போர்ட்டையும் அட்டையையும் படம் எடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். வீட்டைவிட்டு வெளியேறிய பிறகு விசாவை வழக்கறிஞர் மூலம் பார்த்துக்கொள்ளலாம். உயிரும் உடம்பும் முதலில்.

பாஸ்போர்ட்டில் எட்டு மாதம்தான் இருக்கிறது. முதலில் எதைப் புதுப்பிப்பது?
– லைப்சிக்

பாஸ்போர்ட்டை. அட்டையின் காலம் பாஸ்போர்ட்டின் காலத்தைத் தாண்டாது. இப்போது நீட்டித்தால் எட்டு மாதத்துக்குத்தான் தருவார்கள், மறுபடி கட்டணம், மறுபடி வரிசை. விசா முடியும் நாள் அதற்குள் வந்துவிட்டால் பாஸ்போர்ட்டுக்காகக் காத்திராமல் விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள், பாஸ்போர்ட் பதிவு ரசீதையும் வையுங்கள்.

விண்ணப்பித்து ஏழு மாதம். ஒரு பதிலும் இல்லை. கேள்வி கேட்டால் கோபித்துக்கொண்டு நிராகரித்துவிடுவார்களோ என்று பயம்.
– பிராங்க்பர்ட்

பயப்பட வேண்டாம். தக்க காரணமில்லாமல் மூன்று மாதம் தாண்டியும் முடிவு சொல்லாவிட்டால் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். ஆனால் கேட்ட ஆவணங்கள் முழுதும் கொடுத்திருக்க வேண்டும். முதலில் இரண்டு வார அவகாசம் குறிப்பிட்டு, கோப்பு எண்ணோடு ஒரு கடிதம் பதிவுத் தபாலில் போகட்டும். பதில் இல்லையென்றால் வழக்கு. முதல் நிலையில் வழக்கறிஞர் கட்டாயமில்லை. நீதிமன்றக் கட்டணத்தை நீங்கள்தான் முன்னால் கட்ட வேண்டும், தாமதம் அலுவலகத்தின் தவறு என்றால் செலவு அவர்கள் தலையில் விழும். பல நேரம் வழக்கு எண் கிடைத்த சில வாரத்திலேயே அட்டை தயார் என்ற கடிதம் வந்துவிடுகிறது.