காட்டாத ஆட்டம் யாருக்குச் சொந்தம்?

கால்பந்து ஒளிபரப்பு உரிமைகள் கை மாறுவது பற்றித் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கே: ஐ-லீக் ஆட்டங்களைச் சில ஆண்டுகளுக்கு முன் வீட்டு டிவியில் பார்த்தேன். பிறகு யூடியூபில் வந்தன. அதற்கடுத்த சீசனில் வேறொரு செயலியை இறக்கச் சொன்னார்கள். ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) ரசிகர்களுக்கு இவ்வளவு அலைச்சல் இல்லையே, இரண்டாம் நிலை லீகுக்கு மட்டும் ஏன் இந்தக் கதி?
– கல்லூரி மாணவர், தருமபுரி

ப: ஐ.எஸ்.எல். ஒளிபரப்பும் கை மாறத்தான் செய்தது. ஸ்டார் நிறுவனத்திடம் இருந்தது 2023இல் வயாகாம்18 நிறுவனத்துக்குப் போய் ஜியோசினிமாவில் வந்தது. 2025 பிப்ரவரியில் அந்தச் செயலியே ஹாட்ஸ்டாருடன் இணைந்தது. ஆனால் அந்த ரசிகர் ஒரு பெரிய நிறுவனத்திலிருந்து இன்னொரு பெரிய நிறுவனத்துக்குப் போனார், அவ்வளவுதான். உங்கள் நிலைமை வேறு. அதற்குக் காரணம் உரிமை விற்கப்பட்ட முறையிலேயே இருக்கிறது.

அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2010இல் ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் நிறுவனத்துடன் 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன் வழியாகத்தான் 2014இல் ஐ.எஸ்.எல். பிறந்தது. முதலீடு, விளம்பரம், பெயர்பெற்ற வெளிநாட்டு வீரர்கள், மக்கள் டிவி முன் உட்காரும் மாலை நேரம் எல்லாமே அந்தப் பக்கம் போயின. அதுவரை நாட்டின் முதல்நிலை லீகாக இருந்த ஐ-லீக், காய்கறியோடு கொசுறாகப் போடும் கறிவேப்பிலையைப் போல ஆகிவிட்டது. தனியாக விலை பேசி வாங்கப்படாத பொருளை எப்படிக் காட்டுகிறார்கள், எத்தனை ஆட்டம் காட்டுகிறார்கள் என்று தட்டிக்கேட்க யாருக்கும் பிடிமானம் இருப்பதில்லை.

2018-19 சீசனில் நடந்தது இதற்குச் சான்று. தமிழகத்தின் சென்னை சிட்டி அணி கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாகக் கொண்டு பட்டத்துக்காகப் போராடிக்கொண்டிருந்த அதே சீசனின் நடுவில், எஞ்சிய ஆட்டங்களில் ஒரு பகுதியை மட்டுமே டிவியில் காட்டப்போவதாக அறிவிப்பு வந்தது. கிளப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. 2019 மார்ச் 9 அன்று, கடைசி நாள் ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, 43 புள்ளிகளுடன், 42 புள்ளி எடுத்த ஈஸ்ட் பெங்காலைப் பின்னுக்குத் தள்ளிச் சென்னை சிட்டி பட்டம் வென்றது. ஒரு தமிழக அணி தேசிய லீக் பட்டத்தை நோக்கிப் போன பயணத்தை முழுமையாகப் பார்க்கும் வாய்ப்பு, தருமபுரியிலோ திருநெல்வேலியிலோ இருந்த ரசிகருக்கு இப்படி நடுவழியில் பறிபோனது. அது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். அந்த அணி இன்று அந்த லீகிலேயே இல்லை என்பதால் வருத்தம் இரட்டிப்பாகிறது.

அதன் பிறகு 2019-20 சீசன் டிஸ்போர்ட் சேனலுக்குப் போனது. அந்தச் சேனலே பின்னர் 1ஸ்போர்ட்ஸ் என்று பெயர் மாறியது. 2022-23இல் யூரோஸ்போர்ட்டும் டிடி ஸ்போர்ட்ஸும் காட்டின. 2023-24இல் கூட்டமைப்பின் யூடியூப் சேனலில் ஆட்டங்கள் வந்தன. 2024-25இல் சோனி சேனலும் எஸ்.எஸ்.இ.என். என்ற செயலியும். ஒவ்வொரு மாற்றத்திலும் சந்தா, செயலி, கடவுச்சொல் என்று ரசிகர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. வயதில் மூத்த ரசிகர்கள் இரண்டாவது மாற்றத்திலேயே விட்டுவிடுகிறார்கள். பழைய ஆட்டங்களின் பதிவும் பெரும்பாலும் பழைய நிறுவனத்திடமே தங்கிவிடுகிறது.

அந்த 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிந்தது. அதற்கு முன் புதிய ஒப்பந்தத்துக்காக அக்டோபரில் டெண்டர் விட்டபோது, ஆண்டுக்குக் குறைந்தது 37.5 கோடி ரூபாய் அல்லது மொத்த வருவாயில் 5 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அது என்று கேட்டிருந்தார்கள். ஒருவர்கூட விலை கேட்கவில்லை. முதல்நிலை லீகுக்கே இந்த நிலை என்றால், அதன் தயவில் இருக்கும் லீக் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. இனி எழுதப்படும் எந்த ஒப்பந்தத்திலும் ஒரு வரி இருந்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து: உரிமையை வாங்கியவர் காட்டாத ஆட்டத்தைக் காட்டும் உரிமை, ஆடிய கிளப்புகளுக்குத் தானாகத் திரும்ப வேண்டும். அந்த ஒரு வரி இருந்திருந்தால் 2019இல் கோயம்புத்தூர் ஆட்டங்கள் ஒன்றுவிடாமல் நம் ஃபோனுக்காவது வந்திருக்கும்.

கே: என் மகன் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறான். அவன் இருக்கும் ஊரின் அணி மூன்றாம் நிலை லீகில் ஆடுகிறது. சனிக்கிழமை பிற்பகல் ஆட்டத்தை அந்த ஊரில் வீட்டிலிருந்தபடி பார்க்க வழியே இல்லை என்கிறான். பணம் கொடுக்கத் தயாராக இருப்பவருக்கும் ஏன் இந்தத் தடை?
– ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி, ஓசூர்

ப: மகன் சொல்வது சரிதான், ஐயா. இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை, நம் கடிகாரத்தில் குளிர்காலத்தில் இரவு 8.15 முதல் 10.45 வரை, எந்தக் கால்பந்து ஆட்டத்தையும் நேரலையில் காட்டக் கூடாது என்ற விதி இருக்கிறது. 1960களில் பர்ன்லி கிளப்பின் தலைவராக இருந்த பாப் லார்ட், பெரிய அணிகளின் ஆட்டத்தை டிவியில் காட்டினால் சிறிய ஊர் மைதானங்கள் காலியாகிவிடும் என்று மற்ற கிளப்புகளை நம்பவைத்ததிலிருந்து வந்த ஏற்பாடு அது. சிறிய அணிகளைக் காப்பதற்காக வைத்த வேலி என்பதால் அதில் எனக்கு மரியாதை உண்டு.

ஆனால் அந்த வேலிக்கு வெளியே நடந்திருப்பதைப் பாருங்கள். 2017இல் கீழ்நிலை லீகுகளின் அமைப்பு ஐஃபாலோ என்ற சேவையைத் தொடங்கி, வெளிநாட்டு ரசிகர்களுக்கு ஆட்டங்களை நேரலையில் விற்றது. கொரோனா காலத்தில் மைதானங்கள் பூட்டியிருந்தபோது, உள்நாட்டு ரசிகர்களும் ஓர் ஆட்டத்துக்கு 10 பவுண்டு கட்டி வீட்டிலிருந்து பார்த்தார்கள். ரசிகர் கட்டிய பணம் கிளப்பைச் சேர்ந்தது. 2024-25இல் தொடங்கிய புதிய ஒப்பந்தப்படி ஸ்கை தொலைக்காட்சி நிறுவனம் ஐந்து ஆண்டுகளுக்கு 93.5 கோடி பவுண்டு தருகிறது. சீசனுக்கு 1,059 ஆட்டங்களைக் காட்டுகிறது. இது முன்பு இருந்ததைவிடப் பல மடங்கு அதிகம் என்பதை மறுக்க முடியாது. பல ஆட்டங்கள் அதற்காகவே சனிக்கிழமை மதியம் 12.30க்கும் வெள்ளி, ஞாயிறுகளுக்கும் நகர்ந்தன.

உங்கள் மகனின் மூன்றாம் நிலை லீகில் 24 அணிகள். சீசனுக்கு 552 ஆட்டங்கள். அவற்றில் ஸ்கை காட்டுவதாக ஏற்றுக்கொண்டது 248. மீதி 304 ஆட்டங்களைக் கிளப்பு தானே உள்நாட்டு ரசிகருக்கு விற்கும் வழி இந்த ஒப்பந்தத்தோடு மூடப்பட்டுவிட்டது. கூட்டம் குறையுமே என்ற கவலை சொந்த ஊர் மைதானத்தில் நடக்கும் ஆட்டத்துக்குப் பொருந்தலாம். 300 கிலோமீட்டருக்கு அப்பால் நடக்கும் ஆட்டத்துக்கு, சனிக்கிழமையும் வேலை இருக்கும் மனிதர் எப்படிப் போவார்? அவருக்கு ரேடியோ வர்ணனையைத் தவிர வேறு எதுவும் மிஞ்சவில்லை. நான் தருமபுரி மாணவருக்குச் சொன்ன அந்த ஒரு வரி, இவ்வளவு பணம் புழங்கும் நாட்டிலும் இல்லை.

இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். ஐடிவி டிஜிட்டல் என்ற நிறுவனம் இதே கீழ்நிலை லீகுகளின் மூன்று ஆண்டு உரிமையை 31.5 கோடி பவுண்டுக்கு வாங்கிவிட்டு, 2002இல் நொடித்துப்போனது. 17.85 கோடி பவுண்டு பாக்கி. அதன் தாய் நிறுவனங்களான கார்ல்டனும் கிரனடாவும் எழுத்தில் உத்தரவாதம் தரவில்லை என்பதால் லீக் தொடுத்த வழக்கும் தோற்றது. வரப்போகும் பணத்தை நம்பி வீரர்களுக்குச் சம்பளம் பேசியிருந்த கிளப்புகள் கடனில் மூழ்கின. அதனால்தான், எவ்வளவு பெரிய தொகையானாலும், ஒளிபரப்புப் பணத்தை மட்டும் நம்பி ஒரு சிறிய கிளப் வாழக் கூடாது என்று ரசிகர்களே அங்கே எச்சரிக்கிறார்கள்.

கே: நான் தக்காளி மண்டியில் வேலை பார்ப்பவன். விடியற்காலையில் வேலை தொடங்கிவிடும், மதியத்துக்கு மேல் ஓய்வு. ஐ-லீகில் பிற்பகல் 2 மணி ஆட்டம் என்றால், காலி கிரேட் அடுக்கின் மேல் ஃபோனைச் சாய்த்து வைத்துப் பார்த்துவிடுவேன். இரவு 7 மணி ஆட்டமென்றால் இரண்டாம் பாதிக்குள் கண் சொக்கிவிடுகிறது. நேரத்தை முடிவு செய்வது யார்?
– ராயக்கோட்டை வாசகர்

ப: அட்டவணை போடுவது லீக். ஆனால் சேனலில் எந்த நேரம் காலியாக இருக்கிறது என்பதை வைத்துத்தான் அதைப் போட முடிகிறது. உங்களுக்கு வசதியான 2 மணி ஆட்டத்துக்கும் காரணம் அதுதான்: ஒரே நாளில் இரண்டு ஆட்டங்களைக் காட்ட வேண்டுமென்றால், கவனம் குறைவாகப் பெறும் ஆட்டம் வெயிலுக்குத் தள்ளப்படுகிறது. விளக்குக் கோபுரங்கள் இல்லாத மைதானங்களும், குளிர்காலத்தில் சீக்கிரம் இருட்டிவிடும் ஸ்ரீநகர் போன்ற ஊர்களும் இன்னொரு காரணம். உங்களுக்கு வாய்ப்பாக இருக்கும் நேரம் ஆடுபவர்களுக்கும் மைதானத்துக்கு வருபவர்களுக்கும் கொடுமையாக இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

ஜெர்மனியில் டிவிக்காகத் திங்கள் இரவு ஆட்டங்களைக் கொண்டுவந்தபோது, 2018 பிப்ரவரியில் பிராங்பர்ட் ரசிகர்கள் மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளை வீசி ஆட்டத்தைத் தாமதப்படுத்தினார்கள். 2021-22 முதல் அந்த நாட்டின் முதல்நிலை லீகில் திங்கள் ஆட்டம் இல்லை. அங்கே கிளப்புகளில் உறுப்பினர்களான ரசிகர்களுக்கே பெரும்பான்மை வாக்கு இருப்பதால் அவர்கள் குரல் எடுபட்டது. நம்மிடம் அந்த ஏற்பாடு இல்லை. நீங்கள் கேட்க வேண்டியது, முடிவை முன்கூட்டியே தலைப்பில் போடாமல், முழு ஆட்டத்தையும் அன்றிரவே இலவசமாக ஏற்றிவைக்க வேண்டும் என்பதைத்தான். மறுநாள் மதியம் உங்களால் நிம்மதியாகப் பார்க்க முடியும். லீகுக்கும் இதனால் நட்டமில்லை.

கே: எங்கள் வீட்டில் கேபிள், பக்கத்து வீட்டில் டிடி ஃப்ரீ டிஷ். இந்திய அணி ஆடும் சில கிரிக்கெட் ஆட்டங்கள் அவர்களுக்கு டிடி ஸ்போர்ட்ஸில் வருகின்றன. எங்கள் கேபிளில் அதே சேனல் வேறு எதையோ காட்டுகிறது. கால்பந்து லீகுக்கும் இப்படித்தானா?
– இல்லத்தரசி, கிருஷ்ணகிரி

ப: இல்லை, அம்மா. தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என்று அரசு அறிவிக்கும் போட்டிகளின் ஒளிபரப்பை, தனியார் நிறுவனங்கள் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்பது 2007ஆம் ஆண்டுச் சட்டம். அப்படிப் பகிரப்பட்டதைத் தூர்தர்ஷன் தன் சொந்தத் தரைவழி ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம், கேபிளுக்குத் தரக் கூடாது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீங்கள் பார்க்கும் வேறுபாடு அதனால் வருவது. உங்கள் கேபிள்காரர் மீது தவறில்லை. தூர்தர்ஷனே நேரடியாக உரிமை பெற்றுக் காட்டும் லீகுக்கு இந்தத் தடை பொருந்தாது.

கே: டெலிகிராமில் வரும் லிங்க்கில் பார்த்தால் என்ன தவறு? சிறிய லீக்தானே?
– பெயர் வெளியிட விரும்பாதவர், காரிமங்கலம்

ப: சட்டப்படி தவறு. அதோடு, சிறிய லீக் என்பதாலேயே அது அதிகம் வலிக்கும். இந்த ஆட்டங்களை இத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற கணக்கைக் காட்டித்தான் அந்த லீக் அடுத்த ஆண்டு ஓர் ஒளிபரப்பாளரைத் தேட வேண்டும். திருட்டு லிங்க்கில் பார்க்கும் நீங்கள் அந்தக் கணக்கில் இருக்க மாட்டீர்கள்.

கே: எங்கள் கிளப் நடத்தும் எழுவர் கால்பந்துப் போட்டியை ஃபோன் வழியாக யூடியூபில் நேரலையாகக் காட்ட நினைக்கிறோம். உள்ளூர் கேபிள் சேனல்காரரும் உரிமை கேட்கிறார். நேரலை போட்டால் மைதானத்துக்கு ஆள் வராது என்கிறார்கள் பெரியவர்கள். என்ன செய்யலாம்?
– இளைஞர் கிளப், அரூர்

ப: தயங்காமல் காட்டுங்கள். உங்கள் ஊரில் மாலையில் மைதானத்துக்கு வருபவர் ஆட்டத்துக்கு மட்டுமல்ல, நண்பர்களைப் பார்க்கவும் வருகிறார். அவர் ஃபோனோடு வீட்டில் உட்கார்ந்துவிட மாட்டார். நேரலையைப் பார்க்கப்போகிறவர்கள், பெங்களூரிலும் திருப்பூரிலும் வேலைக்குப் போயிருக்கும் உங்கள் ஊர்ப் பிள்ளைகள்.

ஃபோனிலிருந்து நேரலை செய்ய யூடியூப் சேனலுக்குக் குறைந்தது 50 சந்தாதாரர்கள் தேவை. முதல்முறை அனுமதி கிடைக்க ஒரு நாள் ஆகலாம் என்பதால், போட்டியன்று காலையில் போய்த் தொடங்காதீர்கள். மாலை ஆட்டமென்றால் மைதானத்தின் மேற்குப் பக்கத்தில், நடுக்கோட்டுக்கு நேராக, ஆள் உயரத்துக்கு மேல் ஃபோனைப் பொருத்துங்கள். வெயில் முதுகுப் பக்கம் இருந்தால்தான் ஜெர்சி எண் தெரியும். ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு போட வேண்டாம். பதிப்புரிமைப் புகார் வந்தால் நேரலையே நின்றுவிடும். சிறுவர்கள் ஆடும் ஆட்டமென்றால் பெற்றோரின் ஒப்புதலை வாங்கிக்கொள்ளுங்கள்.

கேபிள்காரருக்கும் கொடுங்கள், வீட்டில் இருக்கும் மூத்தவர்கள் பார்க்க அதுவே வழி. ஆனால் வாய்ப்பேச்சாக விடாமல், எந்தெந்த ஆட்டம், எத்தனை நாள் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். யூடியூபில் காட்டும் உரிமை உங்களிடமே இருக்கிறது, அவர் காட்டாமல் விடும் ஆட்டத்தை நீங்கள் யாரையும் கேட்காமல் காட்டலாம், பதிவின் ஒரு பிரதி கிளப்புக்கு வர வேண்டும் என்ற மூன்றும் அதில் இல்லாவிட்டால், தொகை எவ்வளவு சொன்னாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.