சலவைக் கணக்கும் தொப்பிக் கடையும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பாடப் புத்தகம் தவிர அவள் கையில் இருப்பதெல்லாம் மாயமும் மர்மமும் கலந்த நாவல்கள்தான். சாபம், சூனியக்காரி, காணாமல்போன ஒருவர், பூட்டிய அறை. "உருப்படியா ஏதாவது படிக்கச் சொல்லு" என்கிறார் கணவர். "பொம்பளப் பிள்ள ராத்திரியில இதப் படிச்சா பயந்துக்கும்" என்பது மாமியார் கவலை. பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் வகுப்பு ஆசிரியையும் ஏறக்குறைய இதையே சொன்னார். எனக்கு யார் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை. ஏனென்றால், அப்படி என்னதான் படிக்கிறாள் பார்ப்போம் என்று போன மாதம் அவள் புத்தகம் ஒன்றை எடுத்தேன். கீழே வைத்தபோது இரவு மணி இரண்டு. 43 வயதில் இதையெல்லாம் படிக்கலாமா என்று கூச்சமாகிவிட்டது. வீட்டில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. இந்த நாவல்களில் அப்படி என்ன இருக்கிறது? மந்திரம் தந்திரத்தை நம்பிவிடுவாளோ என்ற பயமும் உண்டு. எதைப் பார்த்து வாங்கிக் கொடுப்பது?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள தோழிக்கு,

கூச்சமே வேண்டாம். அந்த இரண்டு மணிக்கு உங்களுக்கு நேர்ந்தது 200 வருஷத்துக்கும் மேலாகப் பெண்களுக்கு நேர்ந்துகொண்டிருப்பதுதான். அதற்காக அவர்களைக் கூச வைப்பதும் அதே அளவு பழைய வழக்கம்.

1794-இல் இங்கிலாந்தில் ஆன் ராட்கிளிஃப் எழுதிய 'தி மிஸ்டரீஸ் ஆஃப் உடால்ஃபோ' நான்கு பாகங்களாக வந்தது. அதற்கு அவருக்குக் கிடைத்தது 500 பவுண்டு, அந்தக் காலத்துக்குப் பெரிய தொகை. எமிலி என்ற அநாதைப் பெண்ணை அவளுடைய அத்தையின் கணவன் இத்தாலிய மலைக்கோட்டை ஒன்றில் கொண்டுபோய் வைக்கிறான். இரவில் எங்கிருந்தோ இசை கேட்கிறது. ஓர் அறையில் கறுப்புத் திரை போட்டு எதையோ மூடியிருக்கிறார்கள். எமிலி திரையை விலக்குகிறாள், பார்க்கிறாள், மயங்கி விழுகிறாள். என்ன பார்த்தாள் என்பதை ஆசிரியர் அங்கே சொல்வதில்லை. நாவல் முடியப்போகும்போதுதான் சொல்கிறார். நூற்றுக்கணக்கான பக்கங்கள் அந்தத் திரையை மனதில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும்.

இந்த நாவலைப் படித்துக் கிறங்கிய 17 வயதுப் பெண் ஒருத்தியை ஜேன் ஆஸ்டின் தன் 'நார்த்தாங்கர் ஆபி'யின் நாயகி ஆக்கினார். பெயர் கேத்தரின் மார்லண்ட். பழைய மடாலயமாக இருந்து பிறகு மாளிகையான ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறாள். முதல் இரவே புயல். அவள் அறையில் ஒரு கறுப்பு அலமாரி, அதில் சாவி. திருகித் திருகித் திறந்து இழுப்பறைகளையெல்லாம் துழாவினால் உள்ளே ஒரு காகிதச் சுருள் கையில் படுகிறது. அந்த நேரம் பார்த்து மெழுகுவர்த்தி அணைந்துவிடுகிறது. ராத்திரி முழுக்க நடுங்கிக்கொண்டு கிடக்கிறாள். விடிந்ததும் பிரித்துப் பார்த்தால் அது சலவைக் கணக்கு. சட்டை இத்தனை, காலுறை இத்தனை என்று எழுதியிருக்கிறது.

இந்த இடத்தைக் காட்டித்தான் "பார், இதையெல்லாம் படித்தால் இப்படித்தான் ஆகும்" என்பார்கள். நாவல் இதோடு முடியவில்லை. அந்த வீட்டு எஜமானர் ஜெனரல் டில்னி தன் மனைவியைக் கொன்றிருப்பார் என்று கேத்தரின் சந்தேகப்படுகிறாள். அது தவறு என்று தெரிந்து வெட்கப்பட்டு அழுகிறாள். பிறகு என்ன நடக்கிறது? பணக்கார வீட்டுப் பெண் என்று நினைத்து அழைத்துவந்த ஜெனரல், அவள் பணக்காரி இல்லை என்று தெரிந்ததும் வீட்டைவிட்டு அனுப்பிவிடுகிறார். காலையில், துணைக்கு ஆள்கூட இல்லாமல், 70 மைல் தனியாக வாடகை வண்டியில். கையில் வழிச்செலவுக்குப் பணம் இருக்கிறதா என்று யோசித்துக் கொடுத்தவள் அந்த வீட்டு மகள். கடைசியில் ஆஸ்டின் சொல்கிறார்: அவரைக் கொலைகாரர் என்று நினைத்ததில்கூட அவர் குணத்துக்குக் கேத்தரின் பெரிய அநியாயம் ஒன்றும் செய்துவிடவில்லை. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இந்த வரியைத் தாண்ட முடிவதில்லை. குற்றம் எது என்பதில்தான் அந்தப் பெண் தவறினாள். அந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்பது அவளுக்குச் சரியாகவே பட்டிருக்கிறது. அப்படிப் பார்க்கும் கண்ணை அவளுக்குக் கொடுத்தவை அவள் படித்த நாவல்கள்.

உங்கள் கணவருக்காக ஒன்று. அதே நாவலில் ஹென்றி டில்னி என்ற இளைஞன், உடால்ஃபோவை இரண்டே நாளில் படித்து முடித்ததாகவும் படித்த நேரம் முழுக்கத் தலைமுடி சிலிர்த்து நின்றதாகவும் வெட்கமில்லாமல் சொல்கிறான். 1803-இல் 'நார்த்தாங்கர் ஆபி'யை 10 பவுண்டுக்கு வாங்கிய பதிப்பாளர் அச்சிடாமலே வைத்திருந்தார். 1816-இல் அதே 10 பவுண்டைத் திருப்பிக் கொடுத்து மீட்டார்கள். ஆஸ்டின் 1817 ஜூலையில் இறந்துவிட்டார். அந்த வருஷக் கடைசியில்தான் புத்தகம் வந்தது.

இந்த வகை பெண்களையும் பதின்வயதுப் பிள்ளைகளையும் ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறது? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். இந்தக் கதைகளில் மர்மம் பெரும்பாலும் வீட்டுக்குள் இருக்கிறது. யாரோ எதையோ சொல்லாமல் மறைக்கிறார்கள். பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு "நீ உள்ள போ" என்று சொல்லும் வீடுகளில் வளர்ந்த யாருக்கும் இது தெரிந்த சமாச்சாரம். சித்தி ஏன் ஊருக்கு வருவதில்லை? அந்தப் போட்டோவில் ஏன் ஒருவர் முகம் மட்டும் கத்தரிக்கப்பட்டிருக்கிறது? 14 வயதுப் பெண் இந்தக் கேள்விகளோடுதான் வீட்டில் உலவிக்கொண்டிருக்கிறாள். கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போன பெண்ணுக்கு அவை மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகின்றன.

எங்கள் பாட்டி வீட்டுப் பரணில் பைண்டு செய்த தொடர்கதைகள் இருந்தன. வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்துத் தைத்தவை. பக்கத்தின் பின்புறம் கூந்தல் தைல விளம்பரம், ஓரத்தில் பசை தின்ற பூச்சி போட்ட ஓட்டைகள். ஒரு கதையில் ஜமீன் மாளிகை, சுரங்க வழி, கட்டுப்போட்டு அடைத்த ஒரு ஆவி எல்லாம் உண்டு. கடைசி இரண்டு வாரம் மட்டும் இல்லை. பைண்டு செய்தவர் விட்டுவிட்டார் என்றார் பாட்டி. அப்புறம் வெற்றிலை மடித்துக்கொண்டே முடிவை வாயால் சொன்னார்: மருமகள் சுரங்கத்திலிருந்து வெளியே வருகிறாள், சாவிக்கொத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொள்கிறாள், கதை முடிந்தது. பல வருஷம் கழித்து அதே கதை ஒரு வாடகை நூலகத்தில் முழுசாகக் கிடைத்தது. அச்சில் இருந்த முடிவில் மருமகள் செத்துப்போகிறாள். பாட்டி அதற்குள் போய்விட்டார். அந்த இரண்டு வாரத்தை உண்மையிலேயே பைண்டு செய்தவர்தான் விட்டாரா என்று கேட்க முடியவில்லை.

பாட்டியின் தலைமுறைக்கு முன்பே இங்கே இது தொடங்கிவிட்டது. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் துப்பறியும் நாவல்களை எழுதிக் குவித்த காலம் அது. பள்ளிக்கூடம் போகாத வை.மு.கோதைநாயகி தொடக்கத்தில் வாயால் சொல்ல, தோழி ஒருவர் எழுதிக்கொடுத்தார். பிறகு 'ஜகன்மோகினி' பத்திரிகையை எடுத்து நடத்தி, 115 நாவல்கள் எழுதினார். நாவல் படித்தால் குடும்பப் பெண் கெட்டுப்போவாள் என்ற பேச்சு அன்றும் இருந்தது.

சரி, மாயமும் மர்மமும் ஒரே கதையில் சேருவது சுலபமில்லை. ரெண்டும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை. 1929-இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் எழுதினார். அமானுஷ்யத்துக்கு இடமில்லை என்பது அதில் ஒன்று. இத்தனைக்கும் அவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எதுவும் நடக்கலாம் என்றால் வாசகர் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? அதனால் இந்தக் கலவையை எழுதுகிறவர் மாயத்துக்கு முதலிலேயே சட்டம் போட்டாக வேண்டும். நம் வேதாளத்துக்கு அந்தச் சட்டம் உண்டு. பதில் தெரிந்தும் விக்கிரமாதித்தன் பேசாவிட்டால் தலை வெடிக்கும், பேசினால் வேதாளம் மரத்துக்குப் போய்விடும். அந்தக் கட்டுக்குள்தான் ஒவ்வொரு புதிரும் நடக்கிறது. 'அம்புலிமாமா'வில் படித்த காலத்தில் வேதாளத்தின் கேள்வி வந்ததும் பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு யோசிப்பேன்.

ஹாரி பாட்டர் வரிசையின் மூன்றாவது புத்தகத்தை (1999) உங்கள் மகள் படித்திருந்தால் அந்த எலியைப் பற்றிக் கேளுங்கள். சாதாரண எலி மூன்று வருஷத்துக்கு மேல் தாங்காது என்று ஒரு கடைக்காரப் பெண் போகிறபோக்கில் சொல்கிறாள். ஹாரியின் நண்பன் ரானின் எலியோ அவன் அண்ணன் கையிலிருந்து அவன் கைக்கு வந்தது, வீட்டில் பல வருஷமாக இருக்கிறது, முன்னங்காலில் ஒரு விரலும் இல்லை. எல்லாம் நம் கண்ணெதிரே வைக்கப்பட்டிருக்கிறது. நாமோ மந்திரக்கோலையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் நீங்கள் இருவரும் சேர்ந்து ஒரே ஒரு புத்தகம் படிப்பதானால் நான் சொல்வது டயானா வின் ஜோன்ஸ் எழுதிய 'ஹௌல்ஸ் மூவிங் காஸில்' (1986). ஜப்பானிய இயக்குநர் மியாசாகி இதை 2004-இல் அனிமேஷன் படமாக எடுத்தார். அழகான படம். புத்தகத்தின் புதிர் வேறு.

சோஃபி மூன்று பெண்களில் மூத்தவள். மூத்த பிள்ளை எதிலும் தோற்கும் என்பது அந்த ஊர் நம்பிக்கை, அவளும் அதை நம்புகிறாள். அப்பா இறந்ததும் தங்கைகள் வெளியே வேலை கற்கப் போகிறார்கள். சோஃபி தொப்பிக் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து தைக்கிறாள். பேச ஆளில்லாமல் தொப்பிகளோடு பேசுகிறாள். எடுப்பில்லாத ஒரு தொப்பியைப் பார்த்து இரக்கப்பட்டு, உனக்குத் தங்கமான மனசு, பெரிய இடத்து ஆள் ஒருவர் அதைக் கண்டு ஆசைப்படுவார் என்கிறாள். கொஞ்ச நாளில் அதை வாங்கிப் போன பெண் ஒரு பிரபுவோடு போய்விட்டாள் என்று செய்தி வருகிறது. சோஃபி இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. முதல் முறை நானும் பார்க்கவில்லை. இரண்டாம் முறை படித்தபோது அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கதையின் சாவி முதல் அத்தியாயத்திலேயே ஆணியில் தொங்குகிறது!

ஒரு சூனியக்காரி வந்து சோஃபியைத் தொண்டு கிழவியாக்கிவிடுகிறாள். இந்தச் சாபத்தைப் பற்றி வெளியே சொல்லவும் வாய் வராது, அது மந்திரத்தின் சட்டம். ஹௌல் என்ற மந்திரவாதியின் வீட்டில் வேலைக்காரியாகச் சேர்கிறாள். அங்கே அடுப்புக்குள் குடியிருக்கும் நெருப்புப் பூதத்துக்கும் ஹௌலுக்கும் ஏதோ ஒப்பந்தம். அதைக் கண்டுபிடித்து உடைத்தால் உன் சாபத்தை எடுக்கிறேன் என்கிறது பூதம். ஆனால் ஒப்பந்தம் என்னவென்று அதனாலும் வாய்விட்டுச் சொல்ல முடியாது, குறிப்புத்தான் கொடுக்கலாம். வாய் கட்டப்பட்ட இருவர் ஒருவர் ரகசியத்தை இன்னொருவர் கண்டுபிடிக்க வேண்டும். துப்பறிகிற கிழவி கையில் துடைப்பத்தோடு ஒவ்வோர் அறையாகக் கூட்டிப் பெருக்கிக்கொண்டு போகிறாள். எந்த மூலையில் என்ன கிடக்கிறது என்று வீட்டைக் கூட்டுகிறவருக்குத் தெரியாதா?

நாவலின் முக்கால் பங்குக்கு மேல் ஓர் இடம். ஹௌல் சொல்கிறான்: உன் சாபத்தை எடுக்க உனக்குத் தெரியாமல் எத்தனையோ முறை பார்த்தேன், முடியவில்லை. கிழவி வேஷம் உனக்கே பிடித்திருக்கிறது போல, நீயேதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறாய். சோஃபிக்குக் கோபம் வருகிறது. நமக்கோ தொப்பிகள் ஞாபகம் வருகின்றன. இவள் வாயால் சொன்னால் பலிக்கும். அப்படிப்பட்டவள் கடையில் இருந்த காலமெல்லாம் தன்னைப் பற்றித் தானே என்ன சொல்லிக்கொண்டிருந்தாள்? முடிவை நான் சொல்லப்போவதில்லை.

நம்பிவிடுவாளோ என்று கேட்டிருந்தீர்கள். தொப்பியோடு பேசினால் பிரபு வருவான் என்று எந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணும் நம்பமாட்டாள். நான் பயப்படும் நாவல்கள் வேறு. அவை தமிழிலும் நிறைய இருக்கின்றன. குடும்பத்தில் ஒரு கஷ்டம், காரணம் ஒரு பெண்ணின் ஜாதகம் அல்லது அவள்மேல் இறங்கிய ஏதோ ஒன்று, பரிகாரம் சொல்ல ஒரு சாமியார், அடி வாங்க அந்தப் பெண். கடைசியில் சாமியார் சொன்னது சரிதான் என்று முடியும். அதில் வாசகர் கண்டுபிடிக்க எதுவுமே இல்லை, கைகட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். வாங்கும் முன் கடைசி இருபது பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். முடிச்சை அவிழ்ப்பது யார், அதற்கு விலை கொடுப்பது யார் என்று பாருங்கள். பெண்ணே கண்டுபிடித்து அவிழ்த்தால் தாராளமாக வாங்கலாம். முழுசாகப் படித்துவிட்டுக் கொடுக்க வேண்டும் என்றுகூட நான் சொல்லமாட்டேன். அவள் முதலில் படிக்கட்டும். உங்களுக்கு முன்னால் ரகசியம் தெரிந்தவளாக அவள் நாலு நாள் வீட்டில் நடமாடட்டும்.

மாமியாருக்கு ராத்திரி பயம் என்றால் விளக்கைப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்கள். அவர் எந்தத் தொடர்கதைக்காக வாராவாரம் காத்திருந்தார் என்று மகளையே கேட்க வைத்தால் இன்னும் நல்லது.

அப்புறம், இரவு இரண்டு மணி வரை படித்தேன் என்றீர்கள், புத்தகத்தின் பெயரை எழுதவே இல்லையே. அதையும், முடிவை எந்த இடத்தில் ஊகித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். மகள் எந்த இடத்தில் ஊகித்தாள் என்று கேட்டு, அதையும் சேர்த்து.

அன்புடன்.