வளவு இலவம் பஞ்சில் குளிர்கால கோட் தைக்கலாமா?

கேள்வி: நான் புதுக்குடியிருப்பில் இருக்கிறேன். கார்மென்ற்ஸில் வேலை செய்துவிட்டு இப்போது வீட்டிலேயே தைத்துக் கொடுக்கிறேன். ரொறன்ரோவில் இருக்கும் என் பெறாமகள், "சின்னம்மா, பொலியெஸ்டர் இல்லாமல் இயற்கைச் சாமானில எனக்கொரு குளிர்கால கோட் தைச்சு அனுப்புங்கோ" என்று கேட்கிறாள். வளவில் இலவமரம் நிற்கிறது. அந்தப் பஞ்சை உள்ளே வைத்துத் தைக்கலாமா? வேறு எது நல்லது?

பதில்: பஞ்சை வைத்துத் தைக்கலாம். ஆனால் முழுக் கோட்டாக வேண்டாம். கோட்டுக்கு உள்ளே போடுகிற கையில்லாத ஜக்கெற்றாகத் தையுங்கள். வெளிக் கோட் கம்பளியில் இருக்கட்டும், அதையும் நீங்கள் தைக்க வேண்டியதில்லை.

உடம்பைச் சூடாக வைத்திருப்பது துணியோ பஞ்சோ அல்ல, அவற்றுக்குள் அசையாமல் நிற்கிற காற்று. அந்த வகையில் இலவம் பஞ்சு கெட்டிக்காரச் சாமான். ஒவ்வொரு இழையும் உள்ளே வெறுமையான குழாய், அதன் பருமனில் ஏறக்குறைய 80 வீதம் காற்று. மேலே மெல்லிய மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீர் லேசில் ஊறாது. முன்பு கப்பல்களில் உயிர்காப்பு அங்கிகளை இதால்தான் நிரப்பினார்கள். உலகச் சந்தைக்குப் பெரும்பகுதி ஜாவாவிலிருந்து போனது. 1942இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்கு வரத்து நின்றுபோக, அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளை விட்டு மில்க்வீட் என்ற காட்டுச்செடியின் காய்களைப் பொறுக்கவைத்து, அந்தப் பஞ்சால் அங்கிகளை நிரப்பினார்கள். அந்தச் செடி நமது எருக்குக்குச் சொந்தம். இன்று கனடாவின் கியூபெக்கில் அதைப் பயிரிட்டு, பஞ்சைக் குளிர்கால உடுப்புகளுக்குள் வைக்கிறார்கள். உங்கள் பெறாமகள் இதை அறிந்திருக்கவும் கூடும்.

அப்படியென்றால் வேலியோரத்து எருக்கம் பஞ்சையும் எடுக்கலாமே என்று தோன்றும். எடுக்காதீர்கள். எருக்கம் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். ஒரு செடியில் கிடைப்பதும் கைப்பிடிதான்.

இலவம் பஞ்சின் குறைகளையும் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். இழை கட்டையானது, வழுக்கும், சுருளும் கிடையாது. ஆகவே ஒன்றையொன்று பிடிக்காமல் கீழே இறங்கிக் கட்டியாகிவிடும். தொழிற்சாலைகளில் வேறு நாருடன் கலந்து தாள்போல ஆக்குவது இதற்காகத்தான். நசுங்க நசுங்க அடங்கும். முழங்கை மடிகிற இடத்தில் முதலில் அடங்கும், கை வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான். மெசினில் தோய்க்க முடியாது. நெருப்பையும் சட்டென்று பிடிக்கும், அதைப் போட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்க வேண்டாம் என்று பிள்ளைக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

காய் பழுத்து வெடிப்பதற்கு முன்பே பறித்து, வெயிலில் உலரவிட்டு உடையுங்கள். கிளி காத்திருக்கட்டும், உங்களுக்கு அந்த வேலை வேண்டாம். பஞ்சை எடுக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூசு நெஞ்சுக்கு ஆகாது. விதை ஒன்றுகூட மிஞ்சக்கூடாது. விதையில் எண்ணெய் இருக்கிறது, பூச்சி அதைத் தேடி வரும்.

அடுத்தது உள்ளுறைத் துணி. பலருடைய வேலை கெடுவது இங்கேதான். கைத்தறித் துணி அழகு, ஆனால் பெரும்பாலும் நெசவு ஐதாக இருக்கும், பஞ்சு பொட்டுப் பொட்டாக வெளியே வரும். இறுக்கமாக நெய்த பருத்தித் துணி வேண்டும். கடையில் வாயைத் துணியோடு ஒட்டிவைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு தாராளமாக மறுபக்கம் போனால் அந்தத் துணியை விட்டுவிடுங்கள். (கடைக்காரர் பார்ப்பார், பார்க்கட்டும்.) ஊசியும் மெல்லியது, 11ஆம் நம்பருக்கு மேல் போகாதீர்கள். தடித்த ஊசி போட்ட ஓட்டையெல்லாம் பஞ்சுக்கு வாசல்.

இரண்டு துணியையும் சேர்த்து, குறுக்குவாட்டில் 5 அல்லது 6 சென்ரிமீற்றர் அகலத்தில் வரிவரியாகத் தையுங்கள். நெடுக்கு வரி போட்டால் பஞ்சு முழுவதும் இடுப்புக்கு இறங்கிவிடும். ஒரு பக்கம் திறந்திருக்க, வரி வரியாக நிரப்புங்கள். எவ்வளவு என்பதற்கு முதலில் ஒரு சாண் சதுரத்தில் மாதிரி தைத்துப் பாருங்கள். அமத்திக் கையை எடுத்தால் மேலே எழும்ப வேண்டும். கல்லுப்போல இருந்தால் காற்றுக்கு இடமில்லை, சூடும் இல்லை. நிரப்பிய பக்கத்தை நிரந்தரமாக மூடாமல் தெறி வைத்து மூடினால், அடங்கிய பிறகு திறந்து உதறிப் புதுப்பஞ்சு வைக்கலாம். தோய்க்க முடியாததால் மேலே கழற்றித் தோய்க்கக்கூடிய ஒரு உறை போடுங்கள். அதற்கு உங்கள் கைத்தறி தாராளமாகப் போதும்.

வெளிக் கோட்டுக்குக் கம்பளியைவிட நல்ல இயற்கைப் பொருள் இல்லை. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழுத்தும் உடம்புக்கு ஈரம் தெரியாது, ஈரத்திலும் சூடு தரும், நெருப்பும் லேசில் பிடிக்காது. நமது செம்மறிகளுக்கு இருப்பது வெறும் மயிர், நூற்கிற கம்பளி கிடையாது. கொழும்பில் துணி வாங்கினால் விலையும் கூட, அந்தத் தடிப்பைத் தைத்து அழுத்தி எடுப்பதும் பெரும்பாடு. ரொறன்ரோவில் பழைய உடுப்புக் கடைகளில் நல்ல கம்பளிக் கோட் கிடைக்கும். லேபிளில் கம்பளி 80 வீதத்துக்குக் குறையாமல் பார்த்து, தன் அளவுக்கு ஒரு சைஸ் பெரிதாக வாங்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே இருக்கிற கோட்டுக்காகப் புதிதாக எதையும் உற்பத்தி செய்ய வேண்டியதில்லை, பிள்ளையின் நோக்கமும் அதுதானே. கோட் இறுக்கமாக இருந்தால் உள்ளேயிருக்கும் பஞ்சு நசுங்கிப் பயனில்லாமல் போகும், ஆகவே அவள் கோட் வாங்கி அளவு அனுப்பிய பிறகே நீங்கள் வெட்டுங்கள்.

பருத்திப் பஞ்சை நிரப்ப வேண்டாம். வேர்வையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும், குளிரில் அது ஆபத்து. கோழி, தாரா இறகும் சரிவராது, சூடு தருவது இறகின் கீழே இருக்கும் மென்தூவிதான். வாத்துத் தூவி எடைக்கு மிகச் சூடானது, நனைந்தால் படுத்துவிடும். உயிரோடு பிடுங்குகிற கொடுமையும் அந்தத் தொழிலில் உண்டு. பனந்தும்பு, தென்னந்தும்பு பற்றிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவை கயிற்றுக்கும் தும்புத்தடிக்கும்.

ரொறன்ரோவில் மைனஸ் 20 பாகைக்கு இறங்குகிற இரவுகள் உண்டு. ஸ்வெற்றர், இந்த ஜக்கெற், மேலே கம்பளிக் கோட் என்று போட்டால் பஸ்சுக்கு நடக்கப் போதும். மணிக்கணக்காக வெளியே நிற்பதற்கு இதை நம்ப வேண்டாம்.

தெறிக்கு சிரட்டை எடுங்கள். கையுறையோடு போட வேண்டியதால் பெரிதாக, 2.5 சென்ரிமீற்றராவது இருக்கட்டும். கனடா எல்லையில் விதைகள் விடயத்தில் கடுமை அதிகம். வரியை மூடமுன் விரலால் நீளத்துக்கும் அமத்திப் பாருங்கள், விதை இருந்தால் தட்டுப்படும். மேலதிகமாக ஒரு பை பஞ்சு சேர்த்து அனுப்பும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், பார்சல் பத்திரத்தில் உள்ளே இருப்பது இலவம் பஞ்சு என்று எழுத மறக்காதீர்கள்.