ஸ்விட்ச்சை மேட்ச் ஆக்கியதும் பக்கம் விழுகிறதா? மதிப்பின் வகையைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் ஆர்டர் நிர்வாகத் தளம் பிஹெச்பி 7.4-இல் ஓடிக்கொண்டிருந்தது. 8.2-க்கு ஏற்றியபோது பழைய ஸ்விட்ச் (மதிப்பைப் பார்த்துக் கிளை பிரிக்கும் கட்டளை) எல்லாவற்றையும், அதே வேலைக்குப் புதிதாக வந்த மேட்ச்சாக மாற்றினோம். இப்போது ஆர்டர் நிலையை மாற்றும் படிவத்தை அனுப்பினால் 500 பிழை. லாகில் 'அன்ஹேண்டில்ட் மேட்ச் எரர்' என்று இருக்கிறது. டேட்டாபேஸிலிருந்து எடுத்துக் காட்டும் பட்டியல் பக்கம் மட்டும் ஒழுங்காக வருகிறது. வேலையை ஒப்பந்தத்துக்கு எடுத்தவர், "பேட்டர்ன் மேட்ச்சிங் முறையாகச் செய்யவில்லை, தனி லைப்ரரி போட்டு மொத்தத்தையும் திருப்பி எழுத வேண்டும்" என்கிறார். இது தேவைதானா?

பதில்: தேவையில்லை. உங்கள் பிழைக்கும் பேட்டர்ன் மேட்ச்சிங்குக்கும் சம்பந்தமே இல்லை. பிஹெச்பியில் அப்படி ஒரு வசதி இன்னும் வரவும் இல்லை.

பேட்டர்ன் மேட்ச்சிங் என்பது ஒரு மதிப்பின் உருவத்தைப் பார்ப்பது. 'இந்த அர்ரேயில் (சாவியும் மதிப்புமாக அடுக்கிய தொகுப்பு) வகை என்ற சாவி இருக்கிறதா, அதில் பணம் என்று இருக்கிறதா, இருந்தால் பக்கத்தில் உள்ள தொகையை எடுத்து இந்த மாறியில் போடு' என்று ஒரே வரியில் கேட்க முடிய வேண்டும். 2020 நவம்பரில் பிஹெச்பி 8.0-வுடன் வந்த மேட்ச்சுக்கு இது எதுவும் தெரியாது. கொடுத்த மதிப்பையும் கிளையில் எழுதிய மதிப்பையும் === போட்டு, அதாவது மதிப்போடு வகையும் ஒன்றா என்று ஒப்பிடும், அவ்வளவுதான். முதலில் வந்த பெரிய முன்மொழிவு வாக்கெடுப்பில் தோற்றது. இளைக்கவைத்த இரண்டாவது வடிவம்தான் தேறியது. உருவம் பார்க்கும் வேலைக்கு 'இஸ்' என்ற சொல்லை வைத்து ஒரு முன்வரைவு வருடக்கணக்கில் பேச்சில் இருக்கிறது. தேற மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் இன்னும் மோசம். 2018-இல் முதல் நிலைக்கு வந்த முன்மொழிவு, நான்காம் நிலை வரை ஏற வேண்டியது, முதல் படியிலேயே உட்கார்ந்திருக்கிறது. மொழியை நடத்துகிறவர்கள் இப்படி இழுத்தடிப்பதால்தான், பெயர் ஒன்றுபோல் இருக்கிறது என்ற ஒரே காரணத்தை வைத்துக் கண்டவர்களும் லைப்ரரி விற்கிறார்கள்.

இப்போது உங்கள் படிவத்துக்கு வருவோம். பழைய ஸ்விட்ச் == போட்டு, வகையைக் கண்டுகொள்ளாமல் ஒப்பிடும். அதற்கு "2"-உம் 2-உம் ஒன்று. "02" வந்தால்கூட 2 என்று ஏற்றுக்கொள்ளும். மேட்ச்சுக்கு மேற்கோளுக்குள் இருக்கும் "2" ஒரு ஸ்ட்ரிங் (எழுத்துச் சரம்), வெறும் 2 ஒரு எண். இரண்டும் சேராது. உலாவியிலிருந்து சாதாரணப் படிவமாகவோ முகவரி வரியிலோ வருவது எதுவானாலும் ஸ்ட்ரிங்தான். எண் பெட்டி வைத்திருந்தாலும் அப்படித்தான். நீங்கள் மேட்ச்சுக்குள் 1, 2, 3 என்று எண்களை எழுதியிருப்பீர்கள், வருவதோ "2". எந்தக் கிளையிலும் பொருந்தாமல், டிஃபால்ட்டும் (எதுவும் பொருந்தாதபோது ஓடும் கிளை) இல்லாததால், பிழையாக வெளியே விழுகிறது.

நம்பிக்கை வராவிட்டால் மேட்ச்சுக்கு நேர் மேல் வரியில் அந்த மதிப்பை வார்_டம்ப் (மதிப்பையும் வகையையும் காட்டும் செயல்பாடு) செய்து பாருங்கள். இன்ட்(2) என்று வந்தால் எண். ஸ்ட்ரிங்(1) "2" என்று வந்தால் ஸ்ட்ரிங். அடைப்புக்குள் இருக்கும் 1 என்பது நீளம். ஒரே எழுத்துள்ள மதிப்புக்கு ஸ்ட்ரிங்(2) என்று காட்டினால் எங்கோ ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அதுவும் மேட்ச்சில் பொருந்தாது.

பட்டியல் பக்கம் மட்டும் எப்படி ஓடுகிறது? இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், அடுத்த விபத்து இங்கேதான் காத்திருக்கிறது. பிடிஓ (பிஹெச்பியை டேட்டாபேஸோடு இணைக்கும் ஒரு வழி) வழியாக மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸைத் தொடும்போது, பிஹெச்பி 8.0 வரைக்கும், எமுலேட்டட் ப்ரிப்பேர் (டேட்டாபேஸுக்குப் போகும் கேள்வியைப் பிடிஓவே தயார்செய்வது, அதுதான் அங்கே இயல்பு அமைப்பு) இருந்தால் எண் நெடுவரிசையும் ஸ்ட்ரிங்காகத்தான் வரும். 8.1-இலிருந்து முழு எண் எண்ணாகவே வருகிறது. நீங்கள் 8.2-இல் இருப்பதால் 2 என்று வந்து பொருந்திவிடுகிறது. இதையே 8.0-இல் சோதித்திருந்தால் பட்டியல் பக்கமும் விழுந்திருக்கும். மாறாக, 8.0-இல் "2" என்று மேற்கோள் போட்டுச் சரிசெய்தவர்கள் 8.1-க்கு ஏறியதும் மாட்டிக்கொள்கிறார்கள். பிடிஓவுக்குப் பதில் மைஎஸ்கியூஎல்ஐ என்ற இணைப்பைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது இன்னொரு வேஷம் போடும். நேரடியாக அனுப்பும் கேள்விக்கு ஸ்ட்ரிங் வரும், ப்ரிப்பேர் செய்த கேள்விக்கு எண் வரும், அதே அட்டவணை, அதே நெடுவரிசை. டெசிமல் (தசம எண்) நெடுவரிசையோ எந்தப் பதிப்பிலும் ஸ்ட்ரிங்தான், ஆகவே விலையை மேட்ச்சில் போட்டு ஒப்பிடவே வேண்டாம். பழைய நடத்தையே வேண்டும் என்றால் பிடிஓவில் எண்ணையும் ஸ்ட்ரிங்காகவே தரும் ஸ்ட்ரிஞ்சிஃபை ஃபெட்சஸ் என்ற அமைப்பை இயக்கலாம். அவசரத்துக்கு ஒரு வாரம் ஓட்டலாம், நிரந்தரமாக வைக்காதீர்கள்.

அர்ரேயின் சாவிகளிலும் ஒரு வில்லங்கம். "2" என்று சாவி வைத்தாலும் பிஹெச்பி அதைச் சத்தமில்லாமல் 2 என்ற எண்ணாக்கிவிடும். ஃபோர்ஈச்சில் (அர்ரேயை ஒவ்வொன்றாகச் சுற்றும் கட்டளை) சாவியை எடுத்து மேட்ச்சுக்குக் கொடுக்கிற இடங்கள் இருந்தால் அங்கே கிளைகளை எண்ணாக எழுதுங்கள்.

சரிசெய்ய ஒரே இடம் போதும், அது மேட்ச் அல்ல, மதிப்பு உள்ளே வரும் வாசல். படிவத்திலிருந்து எடுத்த கையோடு எண்ணாக்குங்கள். முன்னால் (இன்ட்) போட்டு மாற்றும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. இங்கே அது ஆபத்து. "அஆஇ" என்ற குப்பையை (இன்ட்) செய்தால் 0 வரும். உங்கள் தளத்தில் 0 என்பது 'ரத்து' என்றால், யாரோ கன்னாபின்னாவென்று அனுப்பியதற்கு ஒரு ஆர்டர் ரத்தாகும். ஃபில்டர்_வார் என்ற செயல்பாட்டில் ஃபில்டர்_வேலிடேட்_இன்ட் கொடுத்து மாற்றுங்கள். சரியான எண் என்றால் எண் வரும், இல்லையென்றால் ஃபால்ஸ் ('இல்லை' என்ற மதிப்பு) வரும். ஃபால்ஸா என்பதை === போட்டுச் சோதித்து, ஆம் என்றால் படிவத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். அதைத் தாண்டியதுதான் மேட்ச்சுக்குள் போக வேண்டும். 8.1-இல் வந்த ஈனம் (enum, குறித்த சில மதிப்புகளை மட்டும் பட்டியலிடும் வகை) பயன்படுத்தினாலும் இந்தச் சோதனையை முதலில் வையுங்கள். ஸ்ட்ரிக்ட் டைப்ஸ் (வகையைக் கறாராகப் பார்க்கும் அமைப்பு) இயக்காத கோப்பில், மதிப்பை ஈனமாக மாற்றும் ட்ரைஃப்ரம்முக்கு, அந்த ஈனம் எண் வகையாக இருந்து, ஃபால்ஸ் போய்ச் சேர்ந்தால் அதையும் 0 என்றே எடுத்துக்கொள்ளும்.

இனி உங்கள் ஒப்பந்தக்காரர் செய்யக்கூடிய 'மருந்து' ஒன்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எல்லா மேட்ச்சின் கடைசியிலும் டிஃபால்ட் => நல் (null, வெற்று மதிப்பு) என்று ஒரு வரி சேர்ப்பார். 500 மறைந்துவிடும், பில்லும் வரும். ஆனால் படிவம் அனுப்பியவருக்கு வெற்றி என்று காட்டிவிட்டு நிலை மாறாமலே கிடக்கும், அல்லது காலியாகப் பதிவாகும். கத்திக்கொண்டிருந்த பிழையை வாயை அடைத்து உட்காரவைப்பது இது. பொருந்தாத மதிப்பு உண்மையிலேயே வரலாம் என்ற இடத்தில் மட்டும் டிஃபால்ட் வையுங்கள், அதிலும் மதிப்பை லாகில் எழுதிவிட்டுப் பிழை எறியுங்கள். 8.0-இலிருந்து, பிழை எறியும் த்ரோவை மேட்ச்சின் கிளைக்குள்ளேயே எழுதலாம். இன்னொன்று, அன்ஹேண்டில்ட் மேட்ச் எரர் என்பது எரர் குடும்பம், எக்ஸெப்ஷன் குடும்பம் அல்ல. பிழையைப் பிடிக்கும் கேட்ச்சில் எக்ஸெப்ஷன் என்று மட்டும் எழுதியிருந்தால் அது பிடிபடாது. எரர் என்றோ, இரண்டு குடும்பத்தையும் பிடிக்கும் த்ரோவபிள் என்றோ எழுத வேண்டும்.

தானியங்கிக் கருவி வைத்து மாற்றியிருந்தால் இரண்டு வகை இடங்களைக் கண்ணால் பாருங்கள். முதலாவது, டிஃபால்ட் இல்லாத பழைய ஸ்விட்ச்கள். எதுவும் பொருந்தாவிட்டால் அவை சும்மா கடந்து போகும், மேட்ச் போகாது. இரண்டாவது, மேட்ச்(ட்ரூ) என்று எழுதி உள்ளே நிபந்தனைகளை அடுக்கிய இடங்கள். அங்கே ஒவ்வொரு நிபந்தனையும் ட்ரூ என்றே வர வேண்டும். ஸ்ட்ரிங்கில் ஒரு வடிவம் இருக்கிறதா என்று தேடும் ப்ரெக்_மேட்ச், பொருந்தினால் தருவது 1. 1 என்பது ட்ரூ அல்ல, ஆகவே அந்தக் கிளை ஒருநாளும் ஓடாது. ப்ரெக்_மேட்ச்(...) === 1 என்று எழுதினால் ஓடும். ஸ்ட்ரிங்குக்குள் இன்னொரு ஸ்ட்ரிங் இருக்கிறதா என்று பார்க்கும் எஸ்டிஆர்_கன்டெய்ன்ஸ் நேராகவே ட்ரூ, ஃபால்ஸ் தருவதால் அதில் தொல்லை இல்லை.

ஒரு கிளைக்குள் நாலைந்து வரி வேலை இருந்த ஸ்விட்ச்களையும், பிரேக் இல்லாமல் அடுத்த கேஸுக்கு வேண்டுமென்றே வழியவிட்டவற்றையும் பழையபடி ஸ்விட்ச்சாகவே திருப்பி வைத்துவிடுங்கள். மேட்ச்சின் கிளையில் ஒரே ஒரு கோவைதான் (ஒரு மதிப்பைத் தரும் எக்ஸ்பிரஷன்) நிற்கும். அதற்காக வேலையை இழுத்துக் கட்டினால் படிக்கவே முடியாது. ஸ்விட்ச்சை யாரும் மொழியிலிருந்து எடுக்கப் போவதில்லை.

உங்கள் ஒப்பந்தக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த மேட்ச்சுக்குள் வருகிற மதிப்பு ஸ்ட்ரிங்கா, எண்ணா? எங்கிருந்து வருகிறது?" கோப்பைத் திறந்து பார்த்துப் பதில் சொன்னால் அவரையே வைத்துச் சரிசெய்யலாம், படிவங்கள் எத்தனை இருக்கிறதோ அத்தனை இடத்தில் சில வரிகள் மாறும். கோப்பைத் திறக்காமலே லைப்ரரியின் பெயரையும் மொத்தக் கோப்புகளின் எண்ணிக்கையையும் சொல்லத் தொடங்கினால், அந்த எண்ணிக்கை அவர் பில்லுக்காகப் போட்டது.