அம்மாவின் சேமநிதியில் மகனின் கலை

கேள்வி: எனக்கு 27 வயது. கோலாலம்பூரில் கைப்பேசி விளையாட்டுகள் தயாரிக்கும் நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருக்கிறேன். உள்ளே என்ன பரிசு இருக்கும் என்று தெரியாத குலுக்கல் பெட்டிகளை ஆட்டக்காரர்கள் காசு கொடுத்து வாங்க வைப்பதுதான் என் வேலை. அரிய கதாபாத்திரம் கிடைக்கும் வாய்ப்பை 0.6 விழுக்காட்டில் வைத்துவிட்டு, அவர்கள் எந்த இடத்தில் பொறுமை இழந்து வாங்குவார்கள் என்று கணக்குப் பார்க்கிறேன். வேலையை விட்டுவிட்டு, அம்மா சொல்லக் கேட்ட ரப்பர் தோட்டத்துச் சிறுமியின் கதையைச் சொந்த விளையாட்டாக இரண்டு ஆண்டுகளில் முடிக்க ஆசை. ஸ்டார்டியூ வேலி என்ற புகழ்பெற்ற விளையாட்டை ஒரே மனிதர்தானே உருவாக்கினார்? பணத்துக்குச் சிக்கல் இல்லை. நவம்பரில் அம்மாவுக்கு 55 வயதாகிறது, சேமநிதி வந்துவிடும். துணிந்து இறங்கலாமா?
— பெயர் வேண்டாம், செந்தூல்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் அச்சிட்டிருக்கிறோம். நான்கு பக்கங்களில் மூன்றரைப் பக்கம் கலையைப் பற்றியது. அம்மாவுக்குக் கிடைத்திருப்பது சேமநிதி பற்றிய அந்த ஒற்றை வரியும், அவர் பினாங்கு பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில் இன்னும் இரவு ஷிப்ட் பார்க்கிறார் என்று அடைப்புக்குறிக்குள் எழுதிய குறிப்பும்தான்.

குலுக்கல் பெட்டி விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. சில பிரபல விளையாட்டுகளில் இருந்த அத்தகைய பெட்டிகளைப் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-இல் சூதாட்டம் என்றே அறிவித்தது. அந்த வேலை உறுத்துகிறது என்றால் உறுத்தட்டும். ஆனால் அதே ஏற்பாட்டை உங்கள் வீட்டிலேயே செய்து வைத்திருப்பது கண்ணில் படவில்லையா? எப்போது முடியும், விற்குமா, விற்காவிட்டால் என்ன கதி என்று எதுவும் தெரியாத ஒரு பெட்டிக்கு உங்கள் தாயார் தம் கடைசிக் காலத்துப் பணத்தை முன்கூட்டியே கட்டப் போகிறார். அலுவலகத்திலாவது ஒரு வாய்ப்புக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள்; அம்மாவிடம் எந்தக் கணக்கைச் சொன்னீர்கள்? கதையும் அவருடையது, பணமும் அவருடையது என்றால் இதில் உங்கள் பங்குதான் என்ன?

மாதாமாதம் சம்பளத்தில் 11 விழுக்காடு அவர் கைக்கு வராமலே பிடிக்கப்பட்டு, முதலாளியின் பங்கோடு சேர்ந்து வளர்ந்த பணம் அது. 55 வயதில் எடுக்கச் சட்டம் அனுமதிக்கிறதே தவிர, எடுத்து மகனிடம் கொடு என்று சொல்லவில்லை. ஓய்வு வயது 60 ஆயிற்றே, அதுவரை அவர் சம்பாதிப்பார் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டிருப்பீர்கள். (இப்படிப்பட்ட கடிதங்கள் எனக்குப் புதிதல்ல, முன்பு குறும்படம், பிறகு உணவகம், இப்போது விளையாட்டு.) இரவெல்லாம் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்துவிட்டு, விடியற்காலையில் தொழிற்சாலைப் பேருந்தில் தூங்கி விழுந்தபடி வீடு திரும்பும் ஒரு பெண்ணுக்கு 60 வரை உடம்பு ஒத்துழைக்கும் என்று யார் உங்களுக்கு எழுதிக் கொடுத்தது? சம்பாதிக்கும் வயதில் இருக்கும் மகன் தாயின் சேமநிதியைக் கேட்கக் கூடாது. தாயாகவே கொடுத்தாலும் வாங்கக் கூடாது. பழங்காலத்துப் பேச்சு என்று நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கவலையில்லை.

ஸ்டார்டியூ வேலியை எரிக் பரோன் நாலரை ஆண்டுகள் தனியாக உழைத்து 2016-இல் வெளியிட்டார் என்பது உண்மைதான். அந்தக் காலத்தில் அவர் சியாட்டலில் ஓர் அரங்கத்தில் வருவோருக்கு இருக்கை காட்டும் பகுதிநேர வேலை பார்த்தார் என்பதும், துணைவி வேலைக்குப் போய் வீட்டுச் செலவைத் தாங்கினார் என்பதும் அதே அளவு உண்மை. அந்தத் துணைவி இளம்பெண்; பணம் போனாலும் மீண்டும் சம்பாதிக்கக் காலம் இருந்தது. உங்கள் அம்மாவுக்கு அது இல்லை. அவ்வளவு தூரம் போவானேன், இங்கே பேஷன் ரிபப்ளிக் நிறுவனம் பல ஆண்டுகள் வெளிநாட்டு விளையாட்டுகளுக்கு ஓவிய வேலை செய்துகொடுத்த பிறகுதான் அங்கிருந்து 2022-இல் கிகாபேஷ் என்ற சொந்த விளையாட்டு வெளிவந்தது. நீங்கள் முகம் சுளிக்கும் வணிகம்தான் அங்கே கலைக்குச் சோறு போட்டது.

ஆகவே இந்த நிறுவனத்தை விடுங்கள், சம்பளத்தை விடாதீர்கள். குலுக்கல் பெட்டி இல்லாத விளையாட்டுகளுக்கு வேலை செய்துகொடுக்கும் நிறுவனங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கின்றன, அங்கே விண்ணப்பியுங்கள். மாலை நேரங்களில் அந்தச் சிறுமியின் முதல் கட்டத்தை மட்டும் ஆடிப் பார்க்கும் அளவுக்கு முடியுங்கள். அதற்கு முன் வேலை ஒப்பந்தத்தைப் படித்துவிடுங்கள். 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேலையின் பகுதியாகச் செய்த படைப்பு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முதலாளிக்கே சேரும், எனவே அலுவலகக் கணினியில் ஒரு கோடுகூட வரையாதீர்கள். கையில் மாதிரி இருந்தால் மலேசிய மின்னிலக்கப் பொருளாதாரக் கழகமான எம்டெக் வழங்கும் படைப்பு மானியத்துக்கும் முயலலாம். ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் விற்றால் பொதுவாக 30 விழுக்காடு அவர்களுக்குப் போய்விடும் என்பதையும் இப்போதே கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நீங்கள் வீட்டுக்கு மாதம் எவ்வளவு அனுப்புகிறீர்கள் என்பது அந்த நான்கு பக்கங்களில் எங்குமே இல்லை. அனுப்பாமல் இருந்தால் இந்த மாதத்திலிருந்தே தொடங்குங்கள். நவம்பர் வரை காத்திருக்காமல் இந்த வாரமே அம்மாவை அழைத்து, அந்தப் பணத்தில் கை வைக்க வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.