"இன்று கவலை": பழைய நாட்குறிப்புகள் குறித்த கேள்வி பதில்

வட ஆற்காட்டுக் குடும்பங்களின் பழைய நாட்குறிப்புகளையும் கணக்கு நோட்டுகளையும் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். வந்திருக்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதும் முன் ஒரு வேண்டுகோள்: எந்த நோட்டையும் லேமினேஷன் செய்யக் கொடுத்துவிடாதீர்கள்.

ஆற்காட்டு வாசகர்: கொள்ளுத்தாத்தாவின் நோட்டில் "தாது வருஷம் புரட்டாசி" என்று மட்டும் இருக்கிறது. ஆங்கில ஆண்டு எது?

பதில்: தமிழ் ஆண்டுப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதால், அது 1876 ஆகவும் இருக்கலாம், 1936 ஆகவும் இருக்கலாம். நீங்கள் அனுப்பிய பக்கத்தில் "மாப்பிள்ளைக்குக் கார்டு போட்டேன்" என்று ஒரு வரி இருக்கிறது. நம் நாட்டில் அஞ்சலட்டை வந்தது 1879இல்தான். ஆகவே இது 1936. அந்தப் பழைய தாது வருஷம் பெரும் பஞ்சம் தொடங்கிய வருஷம். அப்போதைய நோட்டாக இருந்தால் தானிய விலையும் சாவும் பக்கத்துக்குப் பக்கம் வந்திருக்கும்.

இராணிப்பேட்டை வாசகர்: எழுத்து இருக்கும் இடத்தில் மட்டும் தாள் ஓட்டையாகிறதே, பூச்சியா?

பதில்: பூச்சி எழுத்தைப் பார்த்துத் தின்னாது. கடுக்காயும் அன்னபேதி என்னும் இரும்பு உப்பும் சேர்த்துக் காய்ச்சிய மை நாளடைவில் தாளை அரித்துவிடும், ஈரம் பட்டால் இன்னும் வேகமாக அரிக்கும். முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் காய வைக்காதீர்கள், செல்லோ டேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் வேண்டவே வேண்டாம்.

திருப்பத்தூர் வாசகர்: செலவுப் பத்தியில் "3—6—9" என்றால் என்ன?

பதில்: மூன்று ரூபாய், ஆறு அணா, ஒன்பது பை. பன்னிரண்டு பை ஓர் அணா, பதினாறு அணா ஒரு ரூபாய். 1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வரும் வரை இதே கணக்குத்தான்.

வேலூர் வாசகர்: எங்கள் ஊர், வேலூரை அடுத்த அணைக்கட்டு என்னும் ஊர்ப் பக்கம். தாத்தா ஏன் கலெக்டர் கச்சேரிக்குச் சித்தூர் போனார்?

பதில்: 1911 வரை வட ஆற்காடு ஜில்லாவின் தலைமையிடம் சித்தூர்.

குடியாத்தம் வாசகர்: பாட்டனாரின் 1938ஆம் ஆண்டு நாட்குறிப்பில் வாரத்துக்கு நான்கைந்து நாள் "இன்று கவலை", "காலை முதல் கவலை" என்றே இருக்கிறது. அவர் மனநோயால் துன்பப்பட்டாரா? வீட்டில் எல்லோரும் கலங்கிப் போயிருக்கிறோம்.

பதில்: கலங்க வேண்டாம். இது கிணற்றடிக் கவலை, அதாவது மாடு கட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பது. மற்ற ஜில்லாக்களில் கமலை, கபிலை என்பார்கள். சரிவில் இரண்டு மாடுகள் இறங்கும்போது வடம் என்னும் பெரிய கயிறு இழுபட்டு, தண்ணீர் மொள்ளும் சால் மேலே வரும், வால்கயிற்றைத் தளர்த்தினால் தோல் வாய் வழியாகத் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும், பிறகு மாடுகள் பின்னோக்கி மேலேற வேண்டும். விடியுமுன் தொடங்கி வெயில் ஏறும் வரை இதையே செய்த மனிதர், இரவில் விளக்கடியில் உட்கார்ந்து அன்றைய வேலையை ஒரே சொல்லில் எழுதி வைத்திருக்கிறார். நீங்கள் அனுப்பிய பக்கங்களை மாத வாரியாக எண்ணிப் பார்த்தேன்: தையிலிருந்து வைகாசி வரை அந்தச் சொல் நிறைந்திருக்கிறது, மழைக்காலமான ஐப்பசியிலும் கார்த்திகையிலும் ஒருமுறைகூட இல்லை. மாசியில் "வடம் ஒன்று வாங்கினது" என்ற செலவும் இருக்கிறது.

காட்பாடி வாசகர்: ஐயா, இதை ஏற்க முடியவில்லை. குடியானவன் என்றால் மனக்கவலையை எழுத மாட்டானா? எல்லாவற்றையும் மாட்டுக்கும் கயிற்றுக்கும் கொடுத்துவிட்டால் அந்த மனிதர் எங்கே?

பதில்: நியாயமான கோபம். எழுதியிருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மனக்கவலை மழைக்காலத்தில் மட்டும் விடுப்பு எடுக்காது. அவர் சால் இறைத்த நாளைச் சால் இறைத்த நாளாகவே படிப்பதுதான் அவருக்கு நாம் செய்யும் மரியாதை. நம் காலத்துத் துக்கத்தை அவர் தலையில் ஏற்றினால், கைகாய்த்துப் போன அந்த மனிதர் மறைந்துவிடுவார்.

வாணியம்பாடி வாசகர்: "0—1—6" என்றால்?

பதில்: திருப்பத்தூர்க்காரருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

சோளிங்கர் வாசகர்: நான்கு பக்கங்களை ஏற்கெனவே லேமினேஷன் செய்துவிட்டோம். பிரிக்கலாமா?

பதில்: பிரிக்காதீர்கள், தாளும் கூடவே கிழிந்து வரும். மீதிப் பக்கங்களையாவது விட்டுவையுங்கள். இன்றைக்கு மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்.

குடியாத்தம் வாசகர் மீண்டும்: காட்பாடி ஐயா கேட்டதற்குப் பிறகு மறுபடி புரட்டினேன். "ஆடி 9: காரி மாடு சந்தையில் விற்றது. ஆடி 11: கவலை. ஆடி 12: கவலை." ஜோடியில் ஒன்று போன பிறகு கவலை எப்படி ஓட்டினார்?

பதில்: நல்ல கண் உங்களுக்கு. ஒற்றை மாடு இழுத்து அந்தச் சால் மேலே வந்திருக்க முடியாது. அந்த வாரத்துச் செலவுப் பத்தியில் மாட்டு வாடகை இருக்கிறதா, பங்காளி வீட்டிலிருந்து மாடு இரவல் வந்ததாக ஏதேனும் வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது கிணற்றடிக் கவலைதான். இல்லையென்றால், அந்த இரண்டு நாளைப் பொறுத்தவரை காட்பாடி நண்பர் சொன்னதே சரி என்று ஒப்புக்கொள்வேன். ஆடி 9 முதல் 15 வரையிலான பக்கங்களைப் படமெடுத்து அனுப்புங்கள்.