ரவைக் கோதின் கழுத்தை மட்டும் ஏன் சூடாக்குகிறார்கள்?

கனடாவிலுள்ள உங்கள் மச்சான், சுட்டு முடிந்த 5.56 மி.மீ. ரவைக் கோதுகளைக் குறுக்கி .300 பிளாக்கவுட் என்ற இன்னொரு வகை ரவைக்கான கோதுகளாக்குகிறார். குண்டைப் பிடித்திருக்கும் வாய்ப்பக்கமான கழுத்தை மட்டும் ஏன் சூடாக்குகிறார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டுக்கும் அடிப்பாகம் ஒன்றுதான். அதனால் 45 மி.மீ. கோதை ஏறத்தாழ 35 மி.மீ. ஆக வெட்டி, அச்சில் அழுத்தினால் பழைய உடலே புதிய கழுத்தாகிவிடும். அது தடிப்பாக அமைந்தால் சுரண்டி மெலிதாக்க வேண்டும்.

கோது, 70 வீதம் செம்பும் 30 வீதம் நாகமும் கலந்த பித்தளை. குளிர்ந்த நிலையில் நெரிக்க நெரிக்க அது இறுகும், உள்ளே இழுவிசை தங்கும். பிரித்தானிய இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களுக்கு அருகே வைத்த ரவைகளின் கோதுகள் தாமாகவே விரிசல் விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவும் பித்தளைக்குள் தங்கிய இழுவிசையும் சேர்ந்ததே காரணம் என்பது 1921இல்தான் தெளிவானது. சூடாக்கினால் அந்த இழுவிசை தளரும். ஆனால் அடிப்பாகத்தைச் சூடாக்கவே கூடாது: வெடியின் அழுத்தத்தைத் தாங்குவது அதன் கடினம்தான். அது இளகினால் துவக்குச் சுடுபவரின் முகத்துக்கே ஆபத்து.

யாழ்ப்பாணத்தில் இதைச் செய்துபார்க்க நினைக்காதீர்கள். அனுமதிப்பத்திரமின்றி ரவை வைத்திருப்பதே குற்றம். தோட்டம் கொத்தும்போது துருப்பிடித்த ரவையோ செல்லோ கண்டால் பித்தளைக்காகக்கூடத் தொடாமல், இடத்தை அடையாளமிட்டுப் பொலிசுக்குச் சொல்லுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.